பாரசீகப் பூனையும் ஈரானியக் கடவுச்சீட்டும்

கனடாவில் எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். நான் அவரை 'ஆகா' என்று அழைப்பேன். அவர்கள் மொழியில் அது 'ஐயா' என்பதற்குச் சமம். தமிழ்க் காதுக்கு ஒவ்வொரு முறையும் அவரைக் கண்டு வியப்பதுபோல்தான் கேட்கும். எந்த நாடு என்று யார் விசாரித்தாலும் "பாரசீகம்" என்பார். அந்தப் பெயரில் இன்று ஒரு நாடு இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. நான் முதலில் இதைப் பழம்பெருமை என்றுதான் எண்ணினேன். ராஜராஜனின் படையெடுப்பை நேற்று மாலை நடந்ததுபோலப் பேசுகிறவர்களிடையே வளர்ந்தவன் நான். அந்த நோயின் அறிகுறிகள் எனக்கு அத்துப்படி.

காரணம் வேறு. 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது ஆகா டெக்சாஸில் பொறியியல் மாணவர். பணயக் கைதிகள் அங்கே அடைபட்டிருந்த 444 நாளும் இவர் அமெரிக்காவில் 'ஈரான்' என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. ஈரான் என்றால் தொலைக்காட்சியில் வரும் முழக்கமும் கண்கட்டிய கைதியும். பாரசீகம் என்றால் கம்பளம், கவிதை, புசுபுசுவென்ற பூனை. பூனையை யார் அடிக்கப் போகிறார்கள்?

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அந்த மண்ணின் மக்கள் நெடுங்காலமாகத் தங்கள் நாட்டை ஈரான் என்றே சொல்லிவந்தார்கள். தெற்கே ஷிராஸ் நகரம் இருக்கும் பார்ஸ் பகுதியின் பெயரைக் கிரேக்கர்கள் நாடு முழுவதற்கும் சூட்ட, மேற்குலகம் அதையே பிடித்துக்கொண்டது. 1935 இல் ரேசா ஷா வெளிநாட்டு அரசுகளிடம், "எங்களை ஈரான் என்றே அழையுங்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஈழத்தமிழர் பேசுவதெல்லாம் 'யாழ்ப்பாணத் தமிழ்' என்று சென்னையில் சொல்லும்போது என் மட்டக்களப்பு நண்பர்களின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பகுதியின் பெயரை முழுமைக்கும் போர்த்தினால் யாருடைய காலாவது வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் அப்படி வெளியே நிற்பவர் ஐந்தாம் தளத்துத் தோழி. பிறந்தது ஈரானின் தப்ரீஸ் நகரம், வீட்டில் பேசுவது அஸெரித் துருக்கி மொழி. மார்ச் மாதம் யங் வீதிக் கடைகளில் 'பாரசீகப் புத்தாண்டு' என்று பலகை தொங்கும்போது முகம் சுளிப்பார். "நவ்ரூஸ் எங்களுக்கு இல்லையா? குர்துகளுக்கு இல்லையா?" நியாயமான கேள்வி. 2009 இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது விண்ணப்பித்திருந்தவை ஏழு நாடுகள்; இந்தியாவும் அதில் ஒன்று. அதே தோழி அதே கடையில் பூண்டு, ஆப்பிள், சுமாக், வினிகர் என்று பாரசீக மொழியில் 'சீன்' எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களையும் வாங்கி மேசையில் வைப்பார். ஆகாவின் மேசையிலும் அதே ஏழு. இரண்டு வீட்டுக்கும் போய்ச் சாப்பிடுகிறவன் நான் மட்டுமே.

ஆகாவுக்குப் பாதுகாப்புக் கொடுத்த அந்தச் சொல்லில் எனக்குள்ள குறை, அது சிலரை ஓசையில்லாமல் அழித்துவிடுகிறது என்பதுதான். 2022 செப்டம்பர் 16 அன்று தெஹ்ரானில், ஒழுக்கக் காவலர்களின் பிடியில் இருந்த மஹ்சா அமினி இறந்தார். அவர் சக்கேஸ் நகரத்துக் குர்துப் பெண். வீட்டில் ஜினா. உலகம் முழுவதும் ஒலித்த 'பெண், வாழ்வு, விடுதலை' என்ற முழக்கம் 'ஜின், ஜியான், ஆசாதி' என்று குர்து மொழியில் பிறந்தது. அந்த மரணத்தைக் கண்டித்து, அந்த அக்டோபர் முதல் தேதி, டொராண்டோவை அடுத்த ரிச்மண்ட் ஹில்லில் யங் வீதியை நிறைத்த ஐம்பதாயிரம் பேரில் ஆகாவும் தோழியும் இருந்தார்கள்; நானும் போயிருந்தேன். ஆகாவின் கையில் 1979 புரட்சிக்கு முந்திய, சிங்கமும் சூரியனும் பொறித்த பழைய கொடி. தோழி அந்தக் கொடியின் கீழ் நிற்க மறுத்துத் தெருவின் மறுபக்கம் போய்விட்டார். அது மன்னராட்சிக்கும் முந்திய சின்னம் என்று ஆகா வாதிட்டார். ரேசா ஷாவின் பஹ்லவி வம்சத்துக்கு முந்தியது என்பது உண்மைதான். ஆனால் இன்று அதை உயர்த்துகிறவர்களில் எத்தனை பேர் வரலாற்றுக்காக உயர்த்துகிறார்கள்? கொடிகளால் பிளவுபட்ட ஊர்வலங்களில் நடந்து தேய்ந்த கால்கள் எனக்கு. தோழியின் பக்கம் போய் நின்றேன்.

பாரம்பரியத்துக்கு வருகிறேன். 1971 இல் ரேசா ஷாவின் மகனான ஷா, பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸின் இடிபாடுகளின் அருகே கூடாரங்கள் அடித்து, முடியாட்சியின் 2500 ஆண்டுகளைக் கொண்டாடினார். எட்டு ஆண்டுகளில் அரசே போய்விட்டது. பின்வந்த இஸ்லாமியக் குடியரசு, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் மன்னரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 2016 அக்டோபரில் பசர்காடேயில் அவருடைய கல்லறையில் ஆயிரக்கணக்கானோர் கூடியபோது கைதுகள் நடந்தன. அதே அரசு 2025 நவம்பரில் என்ன செய்தது தெரியுமா? தெஹ்ரானின் புரட்சிச் சதுக்கத்தில், மூன்றாம் நூற்றாண்டுப் பாரசீக மன்னர் ஷாபூரின் முன் ரோமப் பேரரசர் வலேரியன் மண்டியிடும் சிலையை நிறுவியது. ஆகா கைப்பேசியில் படத்தைக் காட்டி, "எங்கள் வீட்டுச் சாமானைத் திருடி அவர்கள் வாசலில் வைத்திருக்கிறார்கள்" என்று குமுறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சாமான் எப்போது அவருடையதாயிற்று? நாடு கடந்து வந்தவர்களுக்கு இந்த மயக்கம் உண்டு. தாங்கள் பெட்டியில் மடித்து எடுத்து வந்ததுதான் அசல், அங்கே மிஞ்சியிருப்பது நகல் என்று. எங்களவர்களிடமும் தாராளமாகப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிலைக்குக் காரணமான இஸ்ரேல்–ஈரான் போரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். 2025 ஜூன் 9 அன்று அமெரிக்கா பன்னிரண்டு நாட்டவருக்குக் கதவை அடைத்தது. ஈரானும் பட்டியலில். தோழியிடம் கனடாவின் நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும் கடவுச்சீட்டு ஈரானுடையது. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த தங்கையின் திருமணத்துக்கு அவர் போக முடியவில்லை. எல்லையில் பாரசீகம் செல்லாது. பூனைக்குத்தான் அந்தச் சலுகை. நான்கு நாள் கழித்து, 13 ஆம் தேதி, இஸ்ரேலின் குண்டுகள் விழத் தொடங்கின.

லிஃப்டில் ஆகா, "ஒருவழியாக முடியட்டும்" என்றார். தோழியின் அம்மா தெஹ்ரானில் தனியாக இருந்தார். அதன்பின் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை. பாதுகாப்பான தூரத்திலிருந்து கைதட்டுகிறவர்களைப் பற்றி நான்கு கடுமையான வரிகள் எழுதி வைத்திருந்தேன், பதிவிடவில்லை. ஆகாவின் தம்பி 1988 கோடையில் ஈரானியச் சிறைகளில் கொன்று புதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். அந்தத் தம்பிக்கு நியாயம் கேட்க உலகில் ஒரு வாசலும் திறக்காதபோது, வானத்திலிருந்து வந்தாலும் சரி என்று ஒரு மனிதர் நினைப்பது எனக்குப் புரிகிறது. தெஹ்ரானின் எவின் சிறைமீதே குண்டு விழுந்து, கைதிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் செத்த பிறகு, அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

இணையம் அறுந்துபோன அந்த நாட்களில் தோழி அம்மாவின் எண்ணை அழைத்தால், ஏதோ ஓர் இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் பதில் சொல்லியது. வெளிநாட்டிலிருந்த பலருக்கும் அப்படி நேர்ந்ததாகச் செய்திகளில் வந்தது. 2009 இல் வன்னிக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருந்த எங்களுக்கு மௌனம்தான் கிடைத்தது. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 24 இல் போர் நின்றது. அதற்கு அடுத்த நாளோ மறுநாளோ கீழ்த்தளக் கூடத்தில் லிஃப்டுக்காக மூவரும் நின்றுகொண்டிருந்தபோது தோழியின் தொலைபேசி அடித்தது. அம்மா. துருக்கி மொழியில் மூன்று நிமிடம் ஓடியது. ஆகாவுக்கு அந்த மொழி தெரியாது. லிஃப்ட் வந்து, திறந்து, போயிற்று. "என்ன சொல்கிறார்?" என்று இரண்டு வாரத்தில் முதல்முறையாகத் தோழியிடம் பேசினார்.

"மேல்வீட்டுக்காரர்கள் வடக்கே கடற்கரைப் பக்கம் போனவர்கள் இன்னும் திரும்பவில்லையாம். அவர்களுடைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகவேண்டும், பிறகு பேசுகிறேன் என்கிறார்."

"என்ன செடி?" என்றார் ஆகா.

கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.