குவார்ட்டர் என்பது 'அளவு' இல்லை

"அளவா குடிச்சா சுகர் வராதாமே?" ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் கொழுப்பு சேரும் முதல் கட்டம், என்று வந்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். அவர்கள் இதை நம்பவே கூடாது.

இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு நீரிழிவு குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் சொன்னது உண்மைதான். ஆனால் 2015-இல் அத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அந்தக் குறைவு பெண்களிடமும் ஆசியர் அல்லாதவர்களிடமும் மட்டுமே தெரிந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'குடிக்காதவர்' பட்டியலில், உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்.

சரி, 'அளவு' என்றால் எவ்வளவு? நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அது மிதமிஞ்சிய குடி. வாரம் ஒரு நாள்தான் என்றாலும் அப்படித்தான். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், 41 கிராம். ஆண்களுக்கு வாரம் 210, பெண்களுக்கு 140 கிராம் என்று மருத்துவர்கள் சொல்லும் கோடு, கொழுப்பு ஈரலில் குடிக்கும் பங்கு உண்டா என்று வகை பிரிப்பதற்கானது. அதுவரை குடிக்கலாம் என்ற அனுமதி அல்ல.

இரவு முழுக்க ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது ஈரல். 'போதும்' என்று இன்சுலின் சொன்னால் நிறுத்த வேண்டும். கொழுப்பு ஏறிய ஈரல் அதைச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை ஏறுகிறது. ஆல்கஹால் உள்ளே வந்தால் ஈரல் அதைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு எரிவது குறைந்து, மேலும் சேரும். ஒரு குவார்ட்டரிலேயே 420 கலோரிக்கு மேல். சிக்கன் 65-உம் பரோட்டாவும் தனிக் கணக்கு.

ஏற்கெனவே சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஆபத்து நேரெதிர்த் திசையிலும் வரும். ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை ஆல்கஹால் தடுக்கும். சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை விழலாம். வியர்வை, உளறல், மயக்கம் எல்லாவற்றையும் 'போதை' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். உயிர் போவது இப்படித்தான். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி நார்மல் என்று நிம்மதி அடைய வேண்டாம், ஈரலில் தழும்பு விழுந்திருந்தாலும் அது நார்மலாக இருக்கலாம். தழும்புக்கு வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும் எஃப்ஐபி-4 கணக்கு போட்டுப் பாருங்கள். வயதை, அதே பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்து (1.8 லட்சம் என்றால் 180), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்த எண்ணால் முதல் எண்ணை வகுங்கள். வயது 45, எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 1.8 லட்சம் என்றால் 2700-ஐ 1260-ஆல் வகுத்து 2.14. இது 1.3-ஐத் தாண்டினால், ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 65 வயதுக்கு மேல் அந்த எல்லை 2. கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பாருங்கள், 5.7 முதல் 6.4 வரை என்றால் நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள்.

குடியை முழுசாக விட்டு, எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரலின் கொழுப்பும் வீக்கமும் குறையும். 80 கிலோ ஆளுக்கு அது 5.6 முதல் 8 கிலோ. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கமும் வலிப்பும் வரலாம், அதற்கு மருந்து உண்டு, மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.