கண்ணையனின் கையை வெட்டியது யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சோறு முடிந்த கையோடு அம்மாவுக்கு இயக்குநர் பீம்சிங்கின் ‘ப’ வரிசைப் படம் ஒன்று ஓடியாக வேண்டும். 1958இல் வந்த ‘பதிபக்தி’, அடுத்த ஆண்டில் ‘பாகப்பிரிவினை’, 1961 என்ற ஒரே ஆண்டில் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என மூன்று. இவற்றைத் திருப்பாதிரிப்புலியூர்க் கொட்டகையில் தரை டிக்கெட்டில் அமர்ந்து பார்த்த சிறுமி அவர். சிவாஜி எந்த இடத்தில் உடைந்து அழுவார் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் அம்மாவுக்கு அந்தப் படங்களில் இவ்வளவு ஆறுதல்.

அந்த ஆறுதலைத்தான் இப்போது தொலைக்காட்சிக்காரர்கள் கத்தரிக்கோல் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தின் சட்டகம் ஏறக்குறையச் சதுரமானது. இன்றைய தொலைக்காட்சித் திரையோ அகலமானது. இரு பக்கமும் கறுப்புப் பட்டையை விட்டுப் படத்தை உள்ளபடி காட்டினால் யாருக்கு என்ன நட்டம்? அப்படிச் செய்யாமல், திரை நிறைய வேண்டும் என்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழுமாகச் சேர்த்து உயரத்தில் கால் பங்கு அளவுக்குச் சீவி எறிந்துவிடுகிறார்கள். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம் முன்னோர் கேட்டது இவர்களைத்தான் போலும். வெட்ட மனம் வராத புண்ணியவான்கள் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவதால், சாவித்திரியின் முகம் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போலப் பரவிக் கிடக்கிறது. இழுத்த படத்தையாவது ரிமோட்டில் ஓரளவு சரிசெய்யலாம். வெட்டியே அனுப்பிய படத்துக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது?

பாட்டுகளின் கதி இதைவிடக் கேவலம். ‘பாசமலர்’ படத்தில் அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை ஒரு வீட்டிலுமாகத் தங்கள் குழந்தைகளைத் தாலாட்டும் பாட்டில் கண்ணதாசன் சொல்லிவிட்டதை, அதற்குப் பின் வரும் எந்த வசனத்தாலும் ஈடுகட்ட முடியாது. அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நகைக்கடை விளம்பரம் போடுகிறவரை என்னவென்று திட்டுவது? (அந்த விளம்பரத்தில் ஒரு நொடியைக்கூட வெட்டமாட்டார்கள்.)

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அம்மா எங்களுக்கு ‘பாகப்பிரிவினை’ முழுவதையும் வசனத்தோடு சொன்னார். எந்தக் காட்சியையும் அவர் தாவவில்லை. மின்சாரமே இல்லாத வீட்டில் முழுதாக ஓடிய படம், இன்று நாற்பத்துமூன்று அங்குலத் திரையில் ஊனப்பட்டு ஓடுகிறது.

போன வாரமும் அதே படம்தான். செயலிழந்த ஒரு கையைச் சுமந்துகொண்டு சிவாஜி நடித்த கண்ணையன், முழங்கைக்குக் கீழே திரையைவிட்டு வெளியேறி நின்றுகொண்டிருந்தான். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன், அந்த மாமா நன்றாகத்தானே இருக்கிறார், ஏன் எல்லாரும் அவருக்காக அழுகிறார்கள் என்று கேட்டான். அம்மா தம் இடக்கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்து, கண்ணையன் எப்படி நடப்பான் என்று கூடத்தில் நடந்து காட்டினார்.