நாலு சுவிட்ச், ஒரு துண்டுச் சீட்டு

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணி. 700 இளநீர் ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போன எங்கள் பிக்கப், கிணத்துக்கடவு பக்கம் ஒரு டீக்கடை ஓரத்தில் நின்றுவிட்டது. டீ குடிக்க வண்டியை ஆஃப் செய்த டிரைவர் தம்பி, திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. தெரிந்த மெக்கானிக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால், "செல்ஃப் மோட்டார் போயிருக்கும்ங்க, கழட்டித்தான் பார்க்கணும்" என்றார். கடையில் இருந்த ஆறேழு பேர் கைகொடுக்க, லோடோடு தள்ளி ஸ்டார்ட் செய்து கோவை போய்ச் சேர்வதற்குள் வழக்கமாக வாங்குகிறவர்கள் வேறு வண்டியில் எடுத்துவிட்டார்கள்.

செல்ஃப் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, இடது முழங்கால் படுகிற இடத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சுவிட்ச். இறங்கும்போது தம்பியின் கால் பட்டு அது மடங்கியிருக்கிறது. வண்டி திருடு போகாமல் இருக்க முன்னாடி வைத்திருந்தவர் போட்ட ரகசிய சுவிட்ச் அது. ரகசியம் என்றால் அப்படி ஒரு ரகசியம், காசு கொடுத்து வாங்கிய எனக்கே தெரியாது.

வண்டி 2016 மாடல் பொலிரோ பிக்கப். மேட்டூர் பக்கம் ஒருவரிடம் வாங்கினேன். இன்ஜின் புகை, டயர், ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் முடிந்த என்ஓசி எல்லாம் பார்த்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே வரிசையாக நாலு சுவிட்ச் இருந்ததையும் பார்த்தேன். "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் நிறைய இருக்குங்க" என்று புரோக்கர் சொன்னபோது ஏதோ இலவசமாகக் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டது நான்தான். எது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கால் பட்டது ஐந்தாவது சுவிட்ச். அது கண்ணிலேயே படவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி டவுன். புது பேட்டரி போட்டும் அதே கதை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சியில் ரொம்ப வருஷமாக லாரி ஒயரிங் பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் சுவிட்சைத் தொடவே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துக் கோர்த்தார். சாவி ஆஃப், கதவு மூடியிருக்கிறது, மீட்டர் 0.42 காட்டியது. "ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-அவர் சும்மா போகுது தம்பி. மூணு நாள்ல முப்பது. அப்புறம் எப்படிச் செல்ஃப் எடுக்கும்?" 0.05-க்குள் இருந்தால்தான் சரியாம்.

பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயர் கேபினுக்குப் பின்னால் போவதைப் பிடித்து இழுத்தார். சீட்டுக்குப் பின்னால் கோணிக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டர். அதைப் பார்த்ததும் பாடியின் பின்மூலையில் இருந்த இரண்டு அங்குல பைப்பை எட்டிப் பார்த்தார், ஓரத்தில் வெல்டிங் செய்திருந்த கொண்டிகளைத் தடவினார். "இது உயிர் மீன் வித்த வண்டி. தொட்டிக்குக் காத்து அடிக்க இன்வெர்ட்டர், தண்ணி வடிய பைப்பு, தொட்டி நகராம இருக்கக் கொண்டி." மழைநீர் வடிவதற்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பைப் அது! உடனே வண்டிக்குக் கீழே படுத்துச் சேஸைத் தட்டிப் பார்த்தார். கடல் மீனாக இருந்திருந்தால் உப்புத் தண்ணீர் சேஸை அரித்திருக்கும், அணை மீன் என்பதால் தப்பித்தது என்றார். மீன் விற்ற வண்டி என்று சொல்லியிருந்தால் நான் வாங்கும்போதே கீழே படுத்துப் பார்த்திருப்பேன்.

பயம் வந்தது அந்தச் சிவப்பு ஒயரைப் பார்த்த பிறகுதான். பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, நடுவில் ஃபியூஸ் கிடையாது. கேபின் தகட்டில் ஓட்டை போட்டு அப்படியே நுழைத்திருக்கிறார்கள், ரப்பர் புஷ்ஷும் இல்லை. ஓட்டையின் விளிம்பு உரசி உரசி, மேல்தோல் பாதி போய் உள்ளே செம்பு மினுங்குகிறது. அந்தச் செம்பு தகட்டைத் தொட்டிருந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளியிருக்கும். ஒயர் பழுக்கக் காய்ந்து சீட்டில் தீப்பிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு ஃபியூஸ் என்ன விலை?

மிச்சத்தை ரிலேவை (சின்ன சுவிட்சை வைத்துப் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற டப்பா) வைத்தே கண்டுபிடித்தார். இது எனக்குப் புதிது, உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும் அந்தக் கறுப்பு டப்பாவைக் கழற்றித் திருப்பினால் ஒவ்வொரு உலோகக் காலுக்கும் பக்கத்தில் எண் போட்டிருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது. 87 லைட்டுக்கோ ஹாரனுக்கோ போவது. 85, 86 இரண்டும் சுவிட்ச் பக்கம். 87ஏ என்று ஐந்தாவது கால் இருந்தால், ரிலே ஆஃபில் இருக்கும்போது அது 30-ஓடு சேர்ந்திருக்கும். பெரும்பாலான ரிலேக்களில் இதே எண்கள்தான். எண் தெரிந்துவிட்டால் 87 ஒயரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான், அது எங்கே போகிறதோ அதுதான் விடை. முதல் சுவிட்ச் இன்வெர்ட்டருக்கு. இரண்டாவது, பாடிக்கு மேலே எப்போதோ இருந்து கழற்றப்பட்ட விளக்குக்கு, ஒயர் நுனியில் வெறும் டேப். நாலாவது, பல சுரத்தில் ஊளையிடும் ஹாரனுக்கு. அதை அழுத்தியதும் தெருநாய் எல்லாம் எழுந்துகொண்டது.

இன்வெர்ட்டரைக் கழற்றியதும் மீட்டர் 0.07-க்கு இறங்கியது. மிச்சத்தைத் தேடினால் டேஷ்போர்டுக்குள் சீப்பு அளவுக்கு ஒரு ஜிபிஎஸ் பெட்டி, உள்ளே சிம்மோடு, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு. கடன் கொடுத்தவர்கள் போட்டதா, மீன்காரர் போட்டதா தெரியாது. இத்தனை மாதமாக என் வண்டி எங்கே போகிறது, எந்தத் தோப்பில் லோடு ஏற்றுகிறது என்று யாரோ ஒருவர் போனில் பார்த்திருக்கலாம். இந்தப் பெட்டிகள் சிலவற்றில் ஒரு ரிலேவையும் சேர்த்துவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பியே வண்டியை நிறுத்திவிடலாமாம். நல்லவேளை, இதில் அது இல்லை.

முன்னால் இருந்த இரும்புக் கம்பி பம்பரையும் அன்றைக்கே கழற்றினேன். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விழலாம். பல சுர ஹாரனும் விதிப்படி கூடாது. "நான் மாட்டலைங்க சார், முன்னாடி இருந்தவர்" என்று ரோட்டில் நின்று சொன்னால் யார் கேட்பார்கள்? லோடு தாங்கப் பின்னால் சேர்த்திருந்த எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டையை மட்டும் இன்னும் கழற்றவில்லை. ஆனால் பட்டை கூடியதால் ஆர்சியில் இருக்கிற எடை கூடிவிடாது என்று டிரைவர் தம்பியிடம் தினமும் சொல்கிறேன்.

நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் கைவேலையில் கெட்டிக்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்து வேலைக்கும் ஒரே சிவப்பு ஒயர், மேலே கறுப்பு டேப், ஒரு ஸ்டிக்கர் கிடையாது. செய்தவருக்கு மட்டும் தெரியும், அவரும் அடுத்த வாரம் மறந்துவிடுவார். வண்டியை விற்கிறவர் ஆர்சியோடு ஒரு துண்டுச் சீட்டும் தரவேண்டும்: என்னென்ன மாட்டினேன், எந்த சுவிட்ச் எதற்கு, ஃபியூஸ் எங்கே, ஜிபிஎஸ் இருக்கிறதா. வாங்குகிறவர் அந்தச் சீட்டு கைக்கு வரும்வரை பாக்கிப் பணத்தில் ஒரு ஐயாயிரத்தையாவது பிடித்து வைக்க வேண்டும். புரோக்கர்கள் கோபப்படட்டும், பரவாயில்லை. நான் என் வண்டிக்கு எழுதி, சன் வைசருக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன்.

அதில் மூன்றாவது சுவிட்சுக்கு நேராக மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அதன் ஒயர் சேஸுக்குள் நுழைந்து எங்கேயோ போகிறது, பெரியவராலும் பிடிக்க முடியவில்லை. மேட்டூர்க்காரருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார். மூன்றாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அதுங்களா? அது எனக்கு முன்னாடி இருந்தவரு போட்டதுங்க. நான் ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கலை."