போன் மட்டும் காரணமில்லை

தம்பி, "போன் கமரா வந்ததும் போட்டோகிராபி இதழ்கள் எல்லாம் செத்துப்போச்சு, படமெடுக்கப் பழக இனி யூரியூப் காணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

அமெரிக்காவின் 'பொப்பியுலர் போட்டோகிராபி' 1937இல் தொடங்கி 2017இல் அச்சை நிறுத்தியது உண்மை. ஆனால் அது கமரா விளம்பரத்தை நம்பி ஓடிய இதழ். பின்பக்கங்கள் முழுக்கத் தபால்வழிக் கடைகளின் விலைப்பட்டியல், பொடி எழுத்தில். அந்த விளம்பரங்கள் இணையத்துக்குப் போக, வருமானமும் போயிற்று. போனால் விழுந்தது அதற்குப் பிறகு வந்த அடி. 1952இல் தொடங்கிய 'அப்பேச்சர்' காலாண்டிதழாக இன்னும் அச்சில் வருகிறது. அது கமரா விற்கிற இதழல்ல, படங்களைப் பேசுகிற இதழ்.

யூரியூப்பில் நிறையப் படிக்கலாம், மறுக்கவில்லை. (பாதி வீடியோ லென்ஸ் விற்கத்தான்.) ஆனால் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கோயில் தேரன்று உச்சி வெயிலில் வெள்ளை மணலும் வெள்ளை வேட்டியும் படச்சட்டத்தை நிறைத்தால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று கமரா ஏமாந்து வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போசரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்ரொப் (இருமடங்கு) கூட்ட வேண்டும். இங்கே பல பெடியள் இதைப் பழகியது கலியாண வீட்டில் ஸ்ரூடியோக்காரருக்கு லைற் பிடித்தபடிதான். அந்த வழியையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.