பாஷ் என்றால் 'ரியலி' இல்லை, ஐயா!

செர்பிய மொழியில் பாஷ் என்று ஒரு சொல் இருக்கிறது. அவர்கள் எழுத்தில் மூன்றே எழுத்து. (வேற்றுமை உருபு சேர்த்தால் "பாஷை" ஆகிவிடும், நீங்கள் மொழி என்று படிப்பீர்கள், அதனால் கூடியவரை உருபில்லாமல் ஓட்டுகிறேன்.) இந்த மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் கொண்டுபோய் இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. சரி, அது என் தொழில், அதற்குத்தான் காசு. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் யோசித்து யோசித்து எழுதி அனுப்பினால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எடிட்டர் எல்லாவற்றையும் ஒரே அடியாக "ரியலி" என்று மாற்றிவிட்டுப் போகிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேட்டால் கன்சிஸ்டென்சியாம். ஒரு சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்புதான் இருக்க வேண்டுமாம்.

நான் செய்வது சப்டைட்டில் வேலை, செர்பிய சீரியல்களுக்கு ஆங்கிலத்தில். கம்பெனி ஒரு எக்ஸெல் ஷீட் கொடுத்திருக்கிறது. இடது பக்கம் செர்பியச் சொல், வலது பக்கம் அதற்கு நாங்கள் போட்டே ஆக வேண்டிய ஆங்கிலச் சொல். ஆள் பெயர், ஊர் பெயர், போலீஸ் பதவி, இதற்கெல்லாம் அப்படி ஒரு பட்டியல் இருப்பது நியாயம். முதல் எபிசோடில் இன்ஸ்பெக்டராக இருந்தவர் நாலாவதில் திடீரென்று வேறு பதவிக்குப் போய்விடக் கூடாது. ஆனால் அதே பட்டியலில் பாஷ், எதிரே ரியலி என்று ஒரு வரிசை போட்டு வைத்த மகான் யார் என்று தெரியவில்லை. நான் வேறு எதை எழுதினாலும் சாஃப்ட்வேர் ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டுகிறது. சில எபிசோடுகளில் திரை முழுக்க முக்கோணம்தான்.

ஒரு காட்சி சொல்கிறேன். மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறான். சாப்பாடு மேசையில், விருந்தாளிகள் வாசலில். அம்மா கேட்கிறாள்: "பாஷ் சாத் ஈதேஷ்?" சாத் என்றால் இப்போது, ஈதேஷ் என்றால் போகிறாய். நம் வீட்டில் என்றால் அந்த அம்மா என்ன கேட்பாள்? "இப்பத்தான் போகணுமா?" அவ்வளவுதான், முடிந்தது. ஆங்கிலத்தில் "இருக்கிற நேரத்தையெல்லாம் விட்டுட்டு இப்பவா" என்ற பொருள் வருகிற மாதிரி வாக்கியத்தைக் கொஞ்சம் வளைத்து எழுதி அனுப்பினேன். திரும்பி வந்ததைப் பார்த்தால் "ஆர் யூ ரியலி கோயிங் நௌ?" அதாவது, "நிஜமாவே இப்பப் போறியா?" அம்மா போவது நிஜமா பொய்யா என்றா கேட்டாள்? அவன் போவது அவள் கண்ணுக்கே தெரிகிறது, கையில் சாவி வேறு வைத்திருக்கிறான். அவளுடைய ஆத்திரமெல்லாம் அந்த "இப்போது" மேல்தான்.

இதுதான் விஷயம். பாஷ் அளவைக் கூட்டுகிற சொல் மட்டும் இல்லை, வாக்கியத்துக்குள் ஓர் இடத்தில் விரலை வைத்து "இங்கே பார்" என்று காட்டுகிற சொல். நேரத்துக்கு முன்னால் வைத்தால் இப்போதுதானா, ஆளுக்கு முன்னால் வைத்து "பாஷ் தி" என்றால் நீதானா, அதுவும் நீயா. "பாஷ் ஸாதோ" என்றால் அதனாலேயேதான். தமிழ் பேசுகிறவனுக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம், 'தான்' என்றும் ஏகாரம் என்றும் நாம் நாள் முழுக்க இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் ஆங்கிலக்காரர் இந்த வேலையைப் பெரும்பாலும் குரலால் செய்கிறார், அழுத்திச் சொல்வார், முடிந்தது கதை. எழுத்தில் குரல் ஏது? சாய்வெழுத்துப் போடலாம் என்றால் சப்டைட்டிலில் அது பெரும்பாலும் தொலைபேசியில் கேட்கும் குரலுக்கும் திரைக்கு வெளியே பேசுகிறவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆக, மிச்சம் இருக்கிற ஒரே வழி வாக்கியத்தையே பிரித்துக் கட்டுவது. அதைச் செய்தால் மஞ்சள் முக்கோணம்.

ஜெர்மன்காரர்களுக்கு இந்தத் தொல்லையில் பாதி கிடையாது. இப்பத்தானா, நீதானா என்கிற இடங்களுக்கென்றே அவர்களிடம் "அவுஸ்கெரெஷ்னெட்" என்று முழ நீளத்துக்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது. வூக் கராஜிச் 1818இல் வியன்னாவில் வெளியிட்ட செர்பிய அகராதியில் ஈடான சொற்கள் ஜெர்மனிலும் லத்தீனிலும்தான் இருக்கும். ஆங்கிலத்தைத் தொடவில்லை, விவரமான மனிதர்.

எதிர்மறை வந்தால் இன்னும் கூத்து. "நியே பாஷ் தோப்ரோ" என்றால் அவ்வளவு நன்றாக இல்லை, சுமார்தான். "பாஷ் நியே தோப்ரோ" என்றால் சுத்தமாக நன்றாகவே இல்லை. சொற்கள் அதே மூன்று, பாஷ் ஓர் இடம் முன்னால் நகர்ந்தது, சமைத்தவர் மனசு உடைந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இந்த ஓர் இடத்தில் ஆங்கிலமும் ஒத்துழைக்கும். ரியலியை 'நாட்'டுக்குப் பின்னால் வைப்பதா முன்னால் வைப்பதா என்பதிலேயே இதே வித்தியாசம் கிடைத்துவிடும். அதனால் மகிழ்ச்சியாக, பட்டியல் சொல்கிற அதே ரியலியைப் போட்டு அனுப்பினேன். அதையும் விடவில்லை! முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளி "இப்படித்தான் சரளமாக இருக்கிறது" என்று குறிப்பு வேறு. கடைசியில் திரையில் மாமியார் சூப்பை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறாள், கீழே எழுத்தில் பரவாயில்லை என்கிற மாதிரி ஓடுகிறது.

"க்வைட்" போடு என்று இன்னொருவர் யோசனை சொன்னார். அமெரிக்கர் க்வைட் குட் என்றால் ரொம்ப நல்லது, அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னால் பல நேரம் ஏதோ பரவாயில்லை. நல்ல யோசனை, போங்க.

"பாஷ் மெ ப்ரீகா"வுக்கு வருவோம். ப்ரீகா என்றால் கவலை, அக்கறை. இந்தச் சொற்றொடரில் 'இல்லை', 'மாட்டேன்' என்று எதிர்மறையே கிடையாது. சொல் சொல்லாகப் பார்த்தால் எனக்குக் கவலைதான் என்று வரும். ஆனால் செர்பியாவில் ஒருவர் இதைச் சொன்னால் எனக்கு ஒரு கவலையும் இல்லை, எக்கேடோ கெட்டுப் போ என்று அர்த்தம். இதிலும் நமக்கு ஆச்சரியம் இல்லை, "ஆமா, எனக்கு ரொம்பத்தான் கவலை!" என்று தோளைக் குலுக்காத தமிழர் உண்டா? அமெரிக்கர்களும் "ஐ குட் கேர் லெஸ்" என்று எதிர்மறையை விழுங்கிவிட்டு இதே காரியத்தைச் செய்கிறார்கள், இலக்கண வாத்தியார்களிடம் திட்டும் வாங்குகிறார்கள். ஆனால் நம் எக்ஸெல் ஷீட்டை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? கதாநாயகி கதவை அறைந்து சாத்திவிட்டு எனக்கு நிஜமாகவே அக்கறை இருக்கிறது என்று சொல்லிப் போவாள். "பாஷ் லேபோ" கதையும் இதுதான். லேபோ என்றால் அழகு, நல்லது. மனசாரப் பாராட்டினாலும் பாஷ் லேபோ, செய்ததைப் பார்த்து வயிறெரிந்து "ரொம்ப நல்லாயிருக்கு!" என்றாலும் பாஷ் லேபோ. எது எது என்பதைக் காட்சியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், வீடியோவையே திறக்காமல் எழுத்துக் கோப்பை மட்டும் திருத்துகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்தது "எ பாஷ் நேச்சு". நேச்சு என்றால் மாட்டேன். முன்னால் இருக்கிற எ-யும் பாஷும் சேர்ந்தால், நீ சொல்லிவிட்டாய் இல்லையா, அதுக்காகவே மாட்டேன், போ. செர்பியர்கள் இந்தக் குணத்துக்கு இநாத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உலகத்தில் எந்த மொழியிலும் இதற்குச் சொல் கிடையாது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். வீம்பு என்று ஒன்று எங்களிடம் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், அதுவும் வீம்புக்குத்தான். எடிட்டர் கையில் இது "ஐ ரியலி வோன்ட்" ஆயிற்று. ஆறு வயதுப் பையன் காலை உதைத்துக்கொண்டு கத்துகிற வசனம் ஐயா அது, கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கிறானா அவன்?

இந்தச் சொல் செர்பியர்களுக்குச் சொந்தமானதுகூட இல்லை, உஸ்மானியர் காலத்தில் துருக்கியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே பாஷ் என்றால் தலை. தலைநகருக்குத் துருக்கியில் பாஷ்கென்ட், அப்படியே தலை, நகர். போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் பழைய கடைவீதி பாஷ்சார்ஷியாவிலும் இதே தலைதான். தலைமை என்ற பொருளோடு வந்த சொல் அதேதான், அவனேதான் என்று சுட்டுகிற சொல்லாக இறங்கி, இன்று கோபம், கிண்டல், வீம்பு, பாராட்டு எல்லாவற்றுக்கும் வேலை பார்க்கிறது. இவ்வளவு சம்பாதித்த சொல்லுக்கு எக்ஸெலில் ஒரே ஒரு கட்டம்.

இப்போது புதிதாக மெஷின் மொழிபெயர்த்த கோப்பை அனுப்பி, இதைத் திருத்தினால் போதும் என்று சொல்லிப் பாதிக் காசு கொடுக்கிறார்கள். மெஷினுக்கு பாஷ் பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், வாக்கியம் வழவழவென்று பிசிறில்லாமல் நிற்கும், மூலத்தைக் கேட்காதவருக்கு எதுவும் காணாமல் போனதாகவே தோன்றாது. வரி வரியாகக் காதில் கேட்டு, விழுங்கப்பட்டதைத் தேடி எடுத்து, காட்சிக்குத் தகுந்த மாதிரி வாக்கியத்தைப் புதிதாகக் கட்டுவது முழு மொழிபெயர்ப்பைவிட அதிக வேலை. கூலியோ சொல் கணக்கில். ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஒரு சொல், பாஷும் ஒரு சொல், இரண்டுக்கும் ஒரே விலை. ஞாயிற்றுக்கிழமையை மொழிபெயர்க்க எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்கள்.

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அந்த வரிசையைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், அல்லது வலது பக்கத்தில் "காட்சியைப் பார்த்து முடிவு செய்க" என்று போடுங்கள், இரண்டும் முடியாது என்றால் எபிசோட் முடிவில் வருகிற என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று. "நோட்டட்" என்று ஒரே சொல்லில் பதில் வந்திருக்கிறது. அடுத்த சீசனுக்கான கோப்புகளும் கூடவே வந்துவிட்டன. பட்டியலைத் திறந்து பார்த்தேன், வரிசை அப்படியேதான் இருக்கிறது, இந்தத் தடவை அதற்குச் சிவப்பு நிறம் அடித்து "கட்டாயம்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.