அந்தப் போஸ்டரைப் பகிர்ந்தவர்களுக்கு

இரண்டு நாளாக எல்லா வாட்சப் குழுவிலும் சுற்றுகிற அந்தப் போஸ்டர்தான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மறைந்த மலேசிய நீதிபதி கோபால் ஸ்ரீராமின் படம், கீழே "நஜிப்பைச் சிறைக்கு அனுப்பிய நம் நீதிபதி" என்ற வரி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சட்டத் தொழில் செய்கிறவர்கள்கூட அதைப் பகிர்ந்ததுதான் என்னை எழுத வைத்தது.

முன்னாள் பிரதமர் நஜிப் சிறைக்குப் போனது எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்தின் பண வழக்கில். அதில் அரசுத் தரப்பில் முன்னின்று வாதாடியவர் வி. சிதம்பரம். 2020 ஜூலை 28இல் தண்டனை விதித்தவர் உயர்நீதிமன்ற நீதிபதி நஸ்லான் கசாலி. 2022 ஆகஸ்ட் 23இல் அதை உறுதி செய்தது அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் தலைமையிலான கூட்டரசு நீதிமன்ற ஐவர் அமர்வு. ஸ்ரீராம் நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதோ 2010இல். அதன்பின் சிறப்பு அரசு வழக்கறிஞராக அவர் நடத்தியவை 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவன வழக்கும் நஜிப்பின் மனைவி ரோஸ்மாவின் சோலார் லஞ்ச வழக்கும். 1எம்டிபி விசாரணை முடியும் முன்பே, 2023 ஜனவரி 29இல் காலமாகிவிட்டார்.

ஒரு நீதிபதியைப் பேசினால் அவர் எழுதிய தீர்ப்பைப் பேசுங்கள். எனக்கு இதைத் தவிர வேறு கோரிக்கை இல்லை.

பொதுவாக ஒரு லோயர் நீதித்துறை ஆணையராக (தற்காலிக உயர்நீதிமன்ற நீதிபதியாக) தொடங்கி, உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறுவார். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கப்பட்டபோது, வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேராக அங்கே நியமிக்கப்பட்ட முதல் ஆள் ஸ்ரீராம். பிறகு அதே நாற்காலியில் ஏறத்தாழ 15 வருஷம். கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது 2009இல்தான். ஓய்வு வயது 66, கூடுதலாக ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், அவ்வளவே. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு. போஸ்டரில் இது எங்கே?

அவர் தீர்ப்புகளில் ஒன்று டான் தெக் செங் வழக்கு, [1996] 1 எம்.எல்.ஜே. 261 (தீர்ப்புகளை வெளியிடும் மலாயன் லா ஜர்னல்). தோட்டக்காரருக்குச் சேர வேண்டிய கூலி, மூவாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்று மேல். அதில் நம்பிக்கை மோசடி என்று ஓர் ஆசிரியர்மேல் குற்றம். மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை நீங்கி, நன்னடத்தைப் பிணையில் விடப்படுகிறார். அப்படியும் வேலை போகிறது. அரசமைப்பின் 5ஆவது பிரிவில் உள்ள 'உயிர்' என்பதில் பிழைப்பும் அடங்கும் என்று ஸ்ரீராம் எழுதினார். பணிநீக்கம் பதவியிறக்கமாகக் குறைந்தது. இன்று அரசாங்க வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இந்தத் தீர்ப்பு தேவை.

தீர்ப்பை எப்படித் தேடிப் படிப்பது என்று கேட்பீர்கள். மேலே தந்தது போன்ற எண்ணில் முதலில் ஆண்டு, அடுத்து தொகுதி, கடைசியில் பக்கம். தீர்ப்புக்கு மேலே இருக்கும் சுருக்கம் பதிப்பகத்தார் எழுதுவது, அதைத் தீர்ப்பு என்று மேற்கோள் காட்டக் கூடாது. மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வில் பொதுவாக மூவர் இருப்பார்கள். தீர்ப்பின் தொடக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் எழுதியவர், மற்றவர்கள் உடன்பட்டார்களா என்று தனியாகப் பாருங்கள். கடைசியாக, மேல் நீதிமன்றம் பின்னால் அதை மாற்றியதா என்று தேடாமல் பகிராதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

"அவர் தீர்ப்புகளையே மேலே தள்ளினார்களே" என்று ஒருவர் வருவார். வரட்டும். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்து அம்மாளின் நிலம். ஆள்மாறாட்டம் செய்த ஒருத்தி போலிக் கையெழுத்திட்டு அதை அடோர்னா நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். தேசிய நிலச் சட்டம் 340ஆவது பிரிவின்படி, போலிப் பத்திரம் மூலம் நேரடியாக வாங்கியவருக்குப் பாதுகாப்பு இல்லை. அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்கே அது உண்டு. 1997இல் ஸ்ரீராம் அப்படித்தான் எழுதி நிலம் அந்த அம்மாளுடையது என்றார். 2000இல் கூட்டரசு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று சொன்னால் போலிப் பத்திரத்தில் வாங்கியவருக்கும் கெரான் (நில உரிமைப் பத்திரம்) நிலைக்கும் என்றாகிவிட்டது. நிலம் வைத்திருந்தவர்கள் ஒன்பது வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2010 ஜனவரியில், டான் யிங் ஹோங் வழக்கில், அடோர்னா தீர்ப்பு தவறு என்று அதே கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. தள்ளப்பட்ட தீர்ப்பே சரி என்றானது. பூன்சோம் அம்மாள் அதற்குப் பல வருஷம் முன்பே இறந்துவிட்டார்.

"நீதிபதியாக இருந்தவர் மறுபடி கோர்ட்டில் வாதாடலாமா?" சட்டம் தடுக்கவில்லை. அதற்குமேல் இதில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

"நல்ல எண்ணத்தில் போட்டதைக் குறை சொல்கிறாயே" என்பதுதான் உண்மையில் வலிக்கிறது. நியமனம் என்றால் மாலை, ஓய்வு என்றால் பொன்னாடை, இறந்தால் போஸ்டர். எழுதியது எதையும் படிக்கவில்லையே! சாகோங் தாசி வழக்கு, 2005. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக சிலாங்கூர் டெங்கிலில் தெமுவான் பழங்குடி மக்களை அப்புறப்படுத்தினார்கள். வழிவழியாக வாழ்ந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை உண்டு, நிலக் கையகச் சட்டப்படி இழப்பீடு கொடு என்ற உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தவர் ஸ்ரீராம். தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்ட குடும்பங்களில் வந்தவர்கள் நாம். நம்மவர் வழக்கு இல்லை என்பதால் இதற்குப் போஸ்டர் இல்லையா?

சிவராசா ராசையா வழக்கையும் சொல்கிறேன், [2010] 2 எம்.எல்.ஜே. 333. நாடாளுமன்ற உறுப்பினரும் கட்சிப் பொறுப்பாளரும் வழக்கறிஞர் மன்றக் குழுவில் இருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்து வந்த சிவராசா தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்புக்குள்தான் ஸ்ரீராம் எழுதினார்: அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை (நாடாளுமன்றமும் அசைக்க முடியாத அதன் அடித்தளத்தை) மீறும் சட்டம் செல்லாது. தோற்ற வழக்கின் அந்த வரிகளை 2017இல் செமினி ஜெயா என்ற நிலக் கையக வழக்கு எடுத்துக்கொண்டது. 2018இல் நம் நாட்டுப் பெண் எம். இந்திரா காந்தியின் வழக்கும் அதே பாதையில் வந்தது. தன் பிள்ளைகளைக் கணவர் ஒருதலையாக மதம் மாற்றியதை எதிர்த்து அந்தத் தாய் வென்றபோது எல்லோரும் கண்ணீரோடு பதிவு போட்டோமே. அந்தத் தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி. அவர் பெயரையாவது எத்தனை பேர் குறிப்பிட்டோம்?

போஸ்டரை எடுத்துவிடுங்கள். அல்லது அந்த வரியை அழித்துவிட்டு "சிவராசா ராசையா, 2010" என்று போடுங்கள். என்ன வழக்கு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.