தண்டையும் ரூபாயும்

போன வாரம் அப்பத்தாவின் தகரப்பெட்டியை ஒழித்தபோது ஒரு ஜோடி வெள்ளித் தண்டை கிடைத்தது. கூடவே துணியில் முடிந்த விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய், 1892 என்று போட்டிருந்தது. நகைக்கடைத் தராசில் காசு 11.5 கிராம். அசல் எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம், மீதி தேய்மானம்.

அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் ஒன்று கிளம்பிவிட்டது. பஞ்சம், வரி, உப்பு என்று வெள்ளைக்காரன் ஆட்சியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சனங்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்த 1893 ஜூன் 26 அன்று சிம்லாவில் ஒரே நாளில் நிறைவேற்றிய நாணயச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

அதுவரை யார் வேண்டுமானாலும் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைக்கு வெள்ளியைக் கொண்டுபோகலாம். 2 சதவீதமும் உருக்குகூலியும் கழித்துக்கொண்டு ரூபாயாக அடித்துத் தருவார்கள். (சென்னை நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். தங்கசாலைத் தெரு என்ற பேர்தான் மிச்சம்.) கிராமத்துக்காரர் யாரும் பம்பாய்க்கு ரயில் ஏறப்போவதில்லை, சரி. ஆனால் அந்தக் கதவு திறந்திருந்ததால் உள்ளூர் ஆசாரியோ சேட்டோ வெள்ளியை அடிமாட்டு விலைக்குக் கேட்க முடியாது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சனங்கள் விற்ற கொலுசும் காப்பும் பம்பாயில் போய் ரூபாயானது அப்படித்தான்.

அரசாங்கத்துக்கு நெருக்கடி இருந்தது நிஜம். 1871-க்கு அப்புறம் ஜெர்மனி தங்கத்துக்கு மாற, மற்ற நாடுகளும் வெள்ளியைக் கைவிட, அதன் விலை சரிந்தது. கிட்டத்தட்ட 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ், பெற்ற ரூபாய் 15 பென்ஸுக்கு வந்துவிட்டது. இந்திய அரசாங்கம் ஆட்சிச் செலவுக்காக லண்டனுக்கு வருஷாவருஷம் பவுண்டில் கட்டிய தொகை 1892–93-ல் சுமார் ஒரு கோடியே 65 லட்சம் பவுண்டு. பழைய வீதத்தில் அது 16 கோடி ரூபாய் சொச்சம். புது வீதத்தில் 26 கோடிக்கு மேல்.

ஆனால் லண்டனுக்குக் கட்டும் அந்தத் தொகையைக் குறைக்கும் வழியை அரசாங்கம் எடுக்கவில்லை. நாணயச்சாலைக் கதவைச் சனங்களின் வெள்ளிக்குச் சாத்தி, ரூபாயை அரிதாக்கி, அதன் மதிப்பை 16 பென்ஸுக்கு ஏற்றினார்கள். ரூபாய் இறங்கியதால் நஷ்டம் என்று முறையிட்ட ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அதே வருஷம் ஈட்டுப்படியும் கொடுத்தார்கள். குடியானவருக்கு எந்தப் படியும் இல்லை. நிலவரியை அந்த விலையேறிய ரூபாயில்தான் கட்ட வேண்டும். இதைத்தான் காங்கிரஸ் தலைவர் தாதாபாய் நௌரோஜி மறைமுக வரி என்று கண்டித்தார்.

1898-ல் ரூபாய் 16 பென்ஸ், அதற்குள் இருந்த வெள்ளி 10 பென்ஸ்! காசில் இருந்தால் ஒரு விலை, காலில் கிடந்தால் இன்னொரு விலை. நடுவே 1896–97 பஞ்சம் வேறு வந்தது. முந்தைய பஞ்சத்தில் கைகொடுத்த அதே தண்டையைக் கழற்றி எடுத்துப் போனவளுக்கு இந்தத் தடவை என்ன கிடைத்திருக்கும்? யாரும் வீடு புகுந்து பறிக்கவில்லை. நகை அவள் காலிலேயே கிடந்தது. பெறுமதி மட்டும் போய்விட்டது. வங்கிக் கணக்கு இல்லாத நாட்டில் அதுதானே அவள் சேமிப்பு?

கடைக்காரர் காசையும் தண்டையையும் ஒரே தட்டில் போட்டு, இன்றைய வெள்ளி விலையைக் கால்குலேட்டரில் தட்டினார். “ரெண்டும் ஒரே ரேட்தான் சார்” என்றார். விற்க மனசு வரவில்லை. துணியில் திரும்ப முடிந்து எடுத்து வந்துவிட்டேன்.